உங்கள் பேய்க்கு எந்த ஊர்?

திருகோணமலையில் பேய்க் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைமாரே,

நீங்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்திய பேய்ப்பட மாலைக்கு வந்து, கதிரை கிடைக்காமல் பின்சுவரோடு நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. முதலில் நன்றி. இந்த ஊர்ப் பிள்ளைகள் சொந்தமாகப் படம் எடுத்து, சொந்தமாகத் திரை கட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நாங்கள் உங்கள் வயதில் இருந்தபோது படம் என்றால் டெக்கும் கொப்பியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டருக்கு எண்ணெய் தேடி, விடிய விடியப் பார்க்கிற காரியம். எடுக்கிற காரியம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

நன்றி சொல்லியாயிற்று. இனிக் குறை.

படங்களை எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். பேய் மட்டும் ஒரே பேய். வெள்ளைச் சீலை, அவிழ்த்துவிட்ட தலைமயிர், கொலுசுச் சத்தம், நாடிக்குக் கீழே பிடித்த டோர்ச் வெளிச்சம். ஏன் வந்தாள் என்று கேட்டால், செத்துப்போனாள், அதனால் வந்தாள். எங்கே வந்தாள் என்று கேட்டால், ஓர் இருட்டு. அது திருகோணமலை இருட்டா கோடம்பாக்கத்து இருட்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. படம் முடிந்து வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது இதை ஒரு தம்பியிடம் சொன்னேன். "காசு இல்லை அக்கா. இருந்திருந்தால் செய்து காட்டியிருப்போம்" என்றார். அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பதில்தான் இந்த மடல்.

கைக்காசு குறைந்தவர்கள் எடுத்த பேய்ப்படங்களில் வடிவானவை எவை என்று என்னைக் கேட்டால், பெண் இரத்தக்காட்டேரிப் படங்களைத்தான் சொல்வேன். டிராகுலா பெரிய கம்பனிகளின் செல்லப்பிள்ளை. அவனுக்குக் கோட்டை கட்டினார்கள், வௌவால் பறக்கவிட்டார்கள், புகை போட்டார்கள். பெண் காட்டேரியை வளர்த்தெடுத்தவர்களோ பெரும்பாலும் கடன் வாங்கிப் படம் எடுத்தவர்களும், கலைப்படக் கிறுக்குப் பிடித்தவர்களும்தான். இத்தனைக்கும் அவள்தான் மூத்தவள். ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872இல் புத்தகமாக வந்துவிட்டது. 'டிராகுலா' நாவல் வர அதற்குப் பிறகும் 25 வருடம் எடுத்தது.

சரி, ஒரு படத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

1971இல் பெல்ஜிய இயக்குநர் ஹாரி க்யூமெல் 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' என்ற படத்தை எடுத்தார். கதை நடக்கும் இடம் ஒஸ்டெண்ட், வட கடலோரத்துச் சுற்றுலா ஊர். கோடையில் சனம் நிரம்பி வழியும், குளிர்காலத்தில் ஈ காக்காய் இருக்காது. அந்தக் குளிர்காலத்தில், பூட்டாத குறையாகக் கிடக்கும் ஒரு பெரிய கடற்கரை ஹோட்டலுக்குப் புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி வந்து சேருகிறது. இங்கிலாந்துக்குப் போகிற வழியில் தங்கல். வேறு விருந்தாளி ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். இரவானதும் ஒரு கார் வந்து நிற்கிறது. ஒரு சீமாட்டியும் அவளுடைய காரியதரிசிப் பெண்ணும் இறங்கி வருகிறார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் வயதானவர் சீமாட்டியைப் பார்த்ததும் தடுமாறிப்போகிறார். நாற்பது வருடத்துக்கு முன்னால், அவர் அங்கே எடுபிடிப் பையனாக இருந்த காலத்தில், இதே அம்மா வந்து தங்கியிருக்கிறார். இதே முகம், இதே வயது. சீமாட்டி சிரிக்கிறாள். அது என் தாயாராக இருக்கும் என்கிறாள்.

அவ்வளவுதான் காட்சி. ஒரு மேசை, ஒரு கிழவர், ஒரு சிரிப்பு. பின்னணி இசையை அலறவிட வேண்டிய தேவையே இல்லை. பார்க்கிறவருக்கு அந்தக் கணத்திலேயே முதுகு சில்லிட்டுவிடும். அந்தக் காட்சிக்கு எவ்வளவு காசு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சீமாட்டியாக வந்தவர் டெல்ஃபின் செய்ரிக். பிரெஞ்சுக் கலைப்படங்களின் பெரிய நடிகை. நான்கு வருடம் கழித்து ஒரு பிரசல்ஸ் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்கும் விதவையாக அவர் நடித்த 'ஜான் டீல்மன்' படத்தைத்தான் 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகையின் கருத்துக்கணிப்பு உலகின் முதலாவது படமாக வைத்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு காட்டேரிப் படத்துக்கு வந்து, பல்லைக் காட்டாமல், குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவர்களின் வாயாலேயே அவர்களுடைய அந்தரங்கத்தைச் சொல்லவைக்கிறார். படத்தில் நிஜமான மிருகம் அந்தப் புதுமாப்பிள்ளைதான். பெண்டாட்டியைப் பெல்ட்டால் அடிக்கிறவன் அவன். பார்க்கப் பார்க்க, அந்தப் பெண் இவனோடு இருப்பதைவிடக் காட்டேரியோடு போவதே மேல் என்று நாமே நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். இன்னொரு விசயம், இது உங்கள் வேலைக்கு உதவும்: ஹோட்டலின் வெளிப்புறத்தை ஒஸ்டெண்டில் எடுத்தார்கள், உட்புறத்தைப் பிரசல்ஸில் வேறொரு ஹோட்டலில் எடுத்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாது.

இப்போது உப்புவெளியை நினைத்துப் பாருங்கள். கோடையில் வெள்ளைக்காரரும் கொழும்புச் சனமும் காலை வைக்க இடம் விடமாட்டார்கள். கார்த்திகை பிறந்து வாடை அடிக்கத் தொடங்கியதும் கடல் கறுத்துவிடும். புறாமலைக்கு வள்ளம் ஓடாது. ஹோட்டல்களில் பாதி விளக்கை அணைத்துவிடுவார்கள். நீச்சல் தடாகத்தில் வேப்பிலை மிதக்கும். கடற்கரைக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நைலோன் கயிற்றால் கட்டி, மேலே ஒரு தறப்பாளைப் போட்டிருப்பார்கள். காற்றில் அந்தத் தறப்பாள் இரவு முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். விறாந்தையில் காவலுக்கு ஒரு பையன் போனோடு குந்தியிருப்பான். யன்னல் கண்ணாடியில் உப்பு படிந்து வெளியே எல்லாமே மங்கலாகத் தெரியும். க்யூமெல் ஒஸ்டெண்டில் தேடிப் பிடித்ததை நிலாவெளி வீதி வருடா வருடம் சும்மா போட்டு வைத்திருக்கிறது. அந்த மாதங்களில் அறை மலிவு. உங்கள் மாமாவோ மச்சானோ அங்கே வேலை செய்தால் அதுவும் இல்லை. ஆனால் உங்களில் ஒருவர்கூட அங்கே கமராவைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பதிலாக யாரோ ஒருவரின் கட்டி முடிக்காத வீட்டு மாடியை இருட்டாக்கிப் படம் எடுத்திருக்கிறீர்கள்.

பேய் என்றால் இருட்டு என்று யார் சொல்லித் தந்தது? 1971இலேயே, அமெரிக்காவில் ஸ்டெஃபனி ரொத்மன் என்ற பெண் இயக்குநர், ரோஜர் கோர்மனின் சிக்கனக் கம்பனிக்காக 'த வெல்வெட் வாம்பயர்' எடுத்தார். கோர்மன் ஒரு சதத்தையும் வீணாக்காத மனிதர். இருட்டுக் கோட்டைக்கு எங்கே போவது? ரொத்மன் காட்டேரியைக் கலிபோர்னியாப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார். அகலத் தொப்பி போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், மணலில் ஓடுகிற வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வருகிறாள் காட்டேரி. கடைசியில் லொஸ் ஏஞ்சலிஸ் பஸ் நிலையத்தில் சனத்துக்கு நடுவில் துரத்தல். அதே வருடம் வந்த ஜெஸ் ஃப்ராங்கோவின் 'வாம்பைரோஸ் லெஸ்போஸ்' படத்தில் காட்டேரி கடற்கரையில் வெயில் காய்கிறாள். அதில் நடித்த சோலெடாட் மிராண்டா, படம் திரைக்கு வருமுன்னே, 1970இல் 27 வயதில் போர்த்துக்கலில் வாகன விபத்தில் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்த வெயில் இருட்டைவிடப் பயமாக இருக்கும். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் ஊர் ரோட்டில் ஒரு பெண் கறுப்புக் குடையோடு தனியாக நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கொலுசு வேண்டாம். செருப்புச் சத்தம் போதும்.

பிரெஞ்சுக்காரர் ஜான் ரோலானின் கதை இன்னும் உங்களுக்குக் கிட்ட வரும். அவருடைய முதல் காட்டேரிப் படம் 1968 மே மாதத்தில், பாரிஸ் முழுக்கக் கலவரமும் வேலைநிறுத்தமும் நடந்துகொண்டிருந்தபோது வெளியானது. பார்க்க வந்த சனம் கோபத்தில் கையில் கிடைத்ததைத் திரையில் எறிந்தது. மனிதர் விடவில்லை. நோர்மண்டியில் தியெப் நகருக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் கடற்கரை இருக்கிறது. வெண்சுண்ணாம்புப் பாறை, கடலுக்குள் வரிசையாக இறங்கிப் போகும் கறுத்த மரக்கட்டைகள். சின்ன வயதில் பார்த்த அந்த இடத்துக்குப் படத்துக்குப் படம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். கதை எங்கே தொடங்கினாலும் அவருடைய காட்டேரிப் பெண்கள் அந்தக் கரைக்கு வந்து சேருவார்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரே கடற்கரையைப் படம்பிடித்தார், பார்த்த எங்களுக்கு அலுக்கவில்லை. அவருடைய 'ஃபேசினேஷன்' (1979) படத்தின் தொடக்கம் என் கண்ணை விட்டுப் போகாது. 1905ஆம் ஆண்டு. ஒரு மாட்டுக் கொல்களம். தரையெல்லாம் இரத்தம். அதற்கு நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய இடத்துப் பெண்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் மாட்டு இரத்தம் குடிக்கிறார்கள், இரத்தசோகைக்கு மருந்தாம். மாயமில்லை, மந்திரமில்லை. மருந்தாகத் தொடங்குகிற பழக்கம் அங்கேயிருந்து எங்கே போகிறது என்பதுதான் படம்.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வாதிகாரி ஜெனரல் ஃப்ராங்கோவின் ஆட்சிக்கால ஸ்பெயினில், 1972இல், விசென்ட்டே அரண்டா எடுத்த படத்தில் காட்டேரி கடற்கரை மணலுக்குள் புதைந்து கிடக்கிறாள். முகத்தில் சுழியோடிகளின் கண்ணாடி, மூச்சுக்கு ஒரு குழாய் மட்டும் மணலுக்கு வெளியே. நிலாவெளியில் புறாமலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற அதே சாமான்! அனா லிலி அமிர்பூர் 2014இல் பாரசீக மொழியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், உடம்பை மூடும் சாதோர் என்ற போர்வையைப் போர்த்திய காட்டேரிப் பெண் சறுக்குப்பலகையில் ஏறி இரவு ரோட்டில் போகிறாள். ஈரானிய நகரம் போலத் தெரிவது உண்மையில் கலிபோர்னியாவில் டாஃப்ட் என்ற எண்ணெய் ஊர். பின்னால் எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டே இருக்கும். எங்களுக்குச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே விடமாட்டார்கள், தெரியும். கோட்டைக்குள்ளும் இராணுவ முகாம், கமராவைத் தூக்கினால் கேள்வி வரும். ஆனால் கோட்டை மான்கள் இரவில் டவுனுக்குள் இறங்கி வருகின்றனவே, அவற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பூட்டிய கடை வாசலில் ஒரு மான் கூட்டம், மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் அத்தனை கண்களும் பச்சையாக ஒளிர, நடுவில் ஒரு பெண் நின்றால், அது வேறு எந்த ஊர்ப் படமாகவும் இருக்க முடியாது.

கமராவைப் பற்றியும் ஒரு சொல். 1994இல் மைக்கல் அல்மெரெய்டா 'நாட்ஜா' படத்தில் காட்டேரியின் பார்வைக் காட்சிகளைப் பிள்ளைகளுக்கு விற்ற ஒரு விளையாட்டுக் கமராவில் எடுத்தார். ஃபிஷர்-பிரைஸ் கம்பனியின் பிளாஸ்டிக் சாமான், பாட்டுக் கசெட்டில் படத்தைப் பதியும். புள்ளி புள்ளியாக, பேய் பார்ப்பது போலவே இருக்கும். உங்கள் சட்டைப்பையில் கிடக்கிற போன் அதைவிட எத்தனையோ மடங்கு மேல். 1932இல் டென்மார்க்கின் கார்ல் தியோடர் ட்ரையர் 'வாம்பயர்' எடுத்தபோது லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்துத்தான் அந்த மூடுபனியை உண்டாக்கினார். படத்துக்குக் காசு போட்ட பணக்கார வாலிபரையே கதாநாயகனாக்கினார். மற்ற நடிகர்களிலும் பெரும்பாலானோர் நடிப்பை அறியாதவர்கள். காட்டேரி யார் தெரியுமா? ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவி. உங்கள் படங்களில் ஒரு பேய்க்காவது இருபத்தைந்து வயதைத் தாண்டுகிறதா?

இனி இடத்தை விட்டுவிட்டு அவளிடம் வருகிறேன். உங்கள் பேய்க்கு ஊர் இல்லை என்பது பாதிக் குறைதான். அவளுக்குப் பசியும் இல்லை. மேலே சொன்ன பெண்கள் எல்லோருக்கும் ஏதோ வேண்டியிருக்கிறது. ஒருத்திக்குத் துணை, ஒருத்திக்கு இளமை, ஒருத்திக்கு நீதி, ஒருத்திக்கு வெறுமனே இரத்தம். 2023இல் கியூபெக் இயக்குநர் அரியான் லூயி-சேஸ் எடுத்த படத்தில் ஒரு காட்டேரிப் பிள்ளைக்கு ஆளைக் கொல்ல மனம் வராது. வீட்டார் கவலைப்பட்டு, கடைசியில் அவளுக்கு இரத்தம் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஓ.எல். சோதனைக்குப் படிக்காத பிள்ளையைப் பற்றி எங்கள் வீடுகளில் கதைப்பது போலவே கதைக்கிறார்கள். பார்த்துச் சிரித்து மாளவில்லை.

பசி உள்ள பேய்ப்பெண்ணுக்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையும் இல்லை. நீலிக் கண்ணீர் என்று ஏசுகிறோமே, அந்தப் பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள், அடுத்த பிறப்பில் அவனைத் தேடி வருகிறாள். கொலுசு குலுக்கிக்கொண்டா வந்தாள்? அவனுடைய பெண்டாட்டி வடிவத்தில், கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபைக்கு முன்னால் வந்து நின்று வழக்குப் பேசினாள். குழந்தையை இறக்கிவிட, அது அப்பா என்று போய் ஒட்டிக்கொண்டது. அவன் என்ன கத்தியும் கேட்கவில்லை. பெரியவர்கள் எழுபது பேரும் அவளை நம்பி, அவனுடைய காப்பு வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, இரண்டு பேரையும் ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். விடிய அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

'கார்மில்லா'வைப் படித்தவர்களுக்கு இது எங்கே போய் இடிக்கும் என்று தெரியும். அங்கேயும் வண்டி குடைசாய்ந்து, அவசரமாகப் போகவேண்டும் என்று ஒரு தாய் நடிக்க, வீட்டுக்காரத் தகப்பனே மனமிரங்கி அவளுடைய மகளாக வந்த காட்டேரி கார்மில்லாவை உள்ளே எடுக்கிறார். 2008இல் சுவீடனில் தோமஸ் அல்ஃப்ரெட்சன் எடுத்த படத்திலும் உள்ளே வா என்று ஒருவர் சொன்னால்தான் காட்டேரிப் பிள்ளை வீட்டுக்குள் வரலாம். சொல்லாமல் வந்தால் உடம்பெல்லாம் இரத்தம் கசியும். இவர்கள் யாரும் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவதில்லை. வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு முன்வாசலால் வருகிறார்கள். முன்வாசலால் வரும் பேயை எடுக்க உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு கதவும், இரண்டு நல்ல நடிகர்களும், கவனமாக எழுதிய வசனமும்தான். கல்யாணத் தரகர் கொண்டுவரும் பெண்ணாக, வாடகைக்கு அறை கேட்டு வரும் புது ரீச்சராக அவள் வரலாமே.

தோற்றத்துக்கும் கோடம்பாக்கத்தை நம்ப வேண்டாம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் பெண்பேயை வர்ணிக்கும்போது "பங்கி சிவந்து இரு பற்கள் நீண்டு" என்கிறார். செம்பட்டைத் தலைமயிர், நீண்ட இரண்டு பல். ஹொலிவூட் பிறக்குமுன் எத்தனை நூற்றாண்டு! பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றிவரும் கொத்திப் பேயைப் பற்றி உங்கள் அம்மம்மாமாரிடம் கேளுங்கள். மலாய்க்காரர் அப்படிப்பட்ட ஒரு பேயை வைத்து 1957இல் சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' எடுத்தார்கள். இயக்கியவர் இந்தியாவிலிருந்து போன பி.என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. சனம் அள்ளுப்பட்டு வந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்றைக்கு இல்லை, அது ஒரு துக்கம். டவுனில் பத்திரகாளி அம்மன் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பல் வெளியே தெரியும் பெண்ணைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். உங்கள் படத்தில் மட்டும் அவள் ஒரு பூசாரியின் ஒரு பிடி விபூதிக்குப் பொசுங்கிப்போகிறாள், அது எப்படி?

அந்த முடிவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆண்கள் வந்து அவளை முடித்துவைப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தில் ஹேமர் கம்பனி 1970இல் 'த வாம்பயர் லவ்வர்ஸ்' எடுத்தது. கார்மில்லாவாக இங்ரிட் பிட். சிறுவயதில் நாஜிகளின் வதைமுகாமிலிருந்து தப்பியவர். திரையில் அவர் நிற்கிற நிலையே வேறு. கடைசியில் என்ன? கிழவர்கள் கூட்டமாகக் கல்லறைக்குள் இறங்கித் தலையை வெட்டுகிறார்கள். கதை முடிந்ததாம். க்யூமெல் படத்தில் சீமாட்டி செத்துப்போனாலும் அந்தப் புதுப்பெண் அவளுடைய இடத்தை எடுத்துக்கொண்டு அவளுடைய குரலிலேயே பேசுகிறாள். இரண்டில் எது மனதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்தப் படங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. ரோலானிடமும் ஜெஸ் ஃப்ராங்கோவிடமும் உடம்பைக் காட்டுவதற்காகவே வைத்த காட்சிகள் ஏராளம். காசு போட்டவர்கள் கேட்டார்கள், இவர்கள் கொடுத்தார்கள். பாதிப் படம் தூக்கம் வரவைக்கும். சில படங்களில் கதை எங்கே போயிற்று என்று தேடவேண்டும். அம்மா அப்பாவோடு இருந்து பார்க்கக்கூடியவை மிகக் குறைவு. நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிற வயது உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைக்கு உங்கள் திரையில் பேயாக வந்தவர்கள் எல்லோரும் தங்கைமார், கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தம்பிமார். பெயர்ப் பட்டியல் ஓடும்போது பார்த்துக்கொண்டே நின்றேன். ரொத்மனும் அமிர்பூரும் லூயி-சேஸும் கமராவைக் கையில் எடுத்ததால்தானே காட்டேரி வெயிலுக்கு வந்தாள், சறுக்குப்பலகையில் ஏறினாள், கொல்லமாட்டேன் என்று அடம்பிடித்தாள்? அடுத்த படத்தைத் தங்கைமாரில் ஒருத்தி இயக்கட்டும்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் பாரமானது. அன்று காட்டிய படங்களில் ஒன்றில், சுனாமியில் இறந்த பெண் பேயாகிக் கரையில் அலைகிறாள். படம் எடுத்த தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே தமக்கையை, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மா பாதியில் எழும்பிப் போனார். நானும் அவரோடு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஊரில் கடலும் யுத்தமும் கொண்டுபோனவர்களுக்கு இன்னும் விளக்கு வைக்கிறோம். காணாமல் போன பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். இவர்களுடைய சொந்தங்களை எடுத்து வெள்ளைச் சீலை கட்டிப் பயங்காட்ட வேண்டாம். நான் காட்டேரியைச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவள் வெளியூர்க்காரி. கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவளுக்கு இங்கே குடும்பம் இல்லை, யாருடைய துக்கத்திலும் அவளுக்குப் பங்கு இல்லை.

வெளியூர்க்காரி வேண்டாம், ஊர்க்காரியே வேண்டும் என்று பிடிவாதம் என்றால் பழைய ஆட்களிடம் போங்கள். கோணேசர் கோயில் இருக்கும் எங்கள் சுவாமி மலையில் இருந்து கடலில் குதித்ததாகச் சொல்லப்படும் ஒல்லாந்துப் பெண் பிரான்சினா வான் ரீடின் கதை உங்களுக்குத் தெரியும். காதலன் கப்பலேறிப் போக, இவள் பாறையில் இருந்து பாய்ந்தாளாம். அதற்குப் பிறகு அவள் வேறொருவரைக் கல்யாணம் கட்டியதாகப் பழைய பதிவு இருக்கிறது என்றும் சொல்வார்கள். கடலில் குதித்த பிறகு கல்யாணம்! காட்டேரிக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் ஊர்ப் பழைய வெள்ளைக்காரச் சேமக்காலையில் கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஒஸ்டின் படுத்திருக்கிறார், 1852இல் இறந்தவர். அவருடைய அக்காதான் ஜேன் ஒஸ்டின், பாழடைந்த மாளிகைப் பேய்க்கதைகளை வாசித்துப் பயப்படும் பெண்பிள்ளையை வைத்து ஒரு முழு நாவலே எழுதிக் கேலி செய்தவர். இவர்களை எல்லாம் எழுப்பினால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

வேலைக்கு வருவோம். முதலில் 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' பாருங்கள். வசனம் ஆங்கிலம்தான், ஆனால் எல்லோரும் நிதானமாகப் பேசுவார்கள். சின்னப் பிள்ளைகளை அறைக்கு வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் ட்ரையர், அப்புறம் அமிர்பூர். ரோலானைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே பார்த்தால் என்னை ஏசுவீர்கள். மழை தொடங்கியதும் உப்புவெளியில் இடம் கேளுங்கள். மார்கழி 26ஆம் திகதி மட்டும் கரையில் கமராவை வெளியே எடுக்காதீர்கள். போனுக்கு மழையுறை வாங்குங்கள், குடை பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், கடல் இரைச்சலைத் தனியாகப் பதிந்து எடுங்கள். அன்றைக்கு உங்கள் படங்களில் வசனம் பாதி கேட்கவில்லை.

நடிக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, நல்ல குரல், பார்வை ஊசி மாதிரி. காட்டேரியாக நடிக்க விருப்பமா என்று கேட்டுப் பார்த்தேன். என்ன சம்பளம் தருவார்கள், சாப்பாடு யார் பொறுப்பு, வெற்றிலை போடலாமா என்று கேட்டார். வெற்றிலை போடலாம் என்று நானே சொல்லிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் பதிலோடு நீங்கள் வாருங்கள்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா